தகரத்துக்கு மேலே அரைப்பேரு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குக் கிடைக்கும் கூலியைப் 'பேரு' என்றுதான் சொல்வோம். சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுத்துக் கொடுத்தால் முழுப்பேரு. குறைந்தால் அரைப்பேரு. மலை ஏறி இறங்கியது எல்லாருக்கும் ஒரே மலைதான் என்றாலும் தராசில் குறைந்துவிட்டால் பாதிதான். அதனால் மாலையில் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பும் பெண்களிடம் யாரும் "வேலை எப்படி?" என்று கேட்பதில்லை. "பேரு கெடச்சுச்சா?" என்றுதான் கேட்பார்கள். என் மனைவி கொழுந்து எடுப்பவள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது போலும். நான் கையில் ஆண்டெனாவோடு வாசலில் நிற்க ஆரம்பித்த நாளிலிருந்து அதை என் பக்கம் திருப்பிவிட்டாள்.

"என்னாங்க, இன்னைக்காவது பேரு கெடச்சுச்சா? இல்ல அரைப்பேருதானா?"

பெரும்பாலும் அரைப்பேருதான். எனக்குக் கோபம் வரும். ஆனால் அந்தச் சொல் அவ்வளவு பொருத்தமாக இருந்ததால் கோபப்பட்டும் பயனில்லை.

நான் இலங்கை மலையகத்தில், கொட்டகலைக் கடைவீதியில் டிவி, ரேடியோ, கைபேசி பழுது பார்க்கிறவன். அமெச்சூர் வானொலிக்கான பரீட்சை எழுதி உரிமம் வாங்கியிருக்கிறேன். பூமியைச் சுற்றிவரும் சின்னச் செய்மதிகளில் சில எங்களைப் போன்றவர்களுக்காகவே விடப்பட்டவை. நாம் ஒரு அலைவரிசையில் பேசுவதை வாங்கி இன்னொரு அலைவரிசையில் கீழே அனுப்பும். கையில் பிடிக்கிற வாக்கிடோக்கியும் ஒரு சின்ன ஆண்டெனாவும் போதும். ஆனால் செய்மதி நமக்காகக் காத்துக்கொண்டு நிற்காது. ஒரு மலைக்குப் பின்னாலிருந்து எழும்பி இன்னொரு மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதற்குள் இந்தியாவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் ஆட்கள் அந்த ஒற்றை வழியில் முண்டியடிப்பார்கள்.

அங்கே நலம் விசாரிக்கவெல்லாம் நேரம் கிடையாது. ஒவ்வொருவருக்கும் உரிமத்தோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு அழைப்புக்குறி தந்திருப்பார்கள். நம்முடையதைச் சொல்லி, மற்றவருடையதை முழுதாகக் கேட்டுத் திருப்பிச் சொன்னால்தான் அது தொடர்பு. பாதி கேட்டு மீதி இரைச்சலில் போய்விட்டால் கணக்கில் சேராது. தோட்டத்தில் அரைப்பேருக்கு அரைக்கூலியாவது கிடைக்கும். இங்கே அதுவும் இல்லை.

நீலகிரியில் கூடலூர் பக்கம் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். அவருடைய பெற்றோர் இந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கப்பலேறிப் போனவர்கள், அவர் அங்கேயே பிறந்தவர். பஸ் டிப்போவில் மெக்கானிக். செய்மதிக்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் பழக்கமானோம். நேரில் பார்த்ததில்லை. என்னைவிட இளையவர் என்பதால் நான் தம்பி என்பேன், அவர் அண்ணே என்பார். ஒரு நாள் பேச்சுவாக்கில் என் மனைவியின் கிண்டலைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய அம்மாவும் இன்றுவரை அரைப்பேரு என்ற சொல்லை விடவில்லையாம். அதற்குப் பிறகு செய்மதியிலும் அது எங்கள் சொல்லாகிவிட்டது. நடுவில் கேட்டுக்கொண்டிருந்த மற்றவர்களுக்கு இவர்கள் எந்தப் பேரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று புரிந்திருக்காது.

எங்களுக்குள் ஒரு குறை இருந்தது. அவர் என்னை முழுதாகக் கேட்டிருக்கிறார், பலமுறை. நான் அவரை ஒரு தடவைகூட முழுதாகக் கேட்டதில்லை. முதல் இரண்டு எழுத்து வரும், பிறகு கரகரப்பு. தெரிந்த அழைப்புக்குறிதானே, மீதியை நானே சேர்த்துச் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அவரும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள், கடையில் ஒரு டிவியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தபோது அவர் அழைத்தார். குரல் ரொம்பவே கம்மியிருந்தது. சளித் தடுமல் என்று நினைத்தேன்.

"தடுமல் இல்லண்ணே. தொண்டையில கட்டி. குரல்பெட்டியவே எடுத்தாகணும்னு சொல்லிட்டாங்க. கோயம்புத்தூர்ல ஆபரேசன். உயிருக்குப் பயமில்லையாம். பேச்சு மட்டும் போயிரும்."

மின்கம்பியில் கை தவறிப் பட்டதுபோல் ஆகிவிட்டது எனக்கு. "மருந்து மாத்திரையில சரியாகாதா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை அவர் ஏற்கெனவே நிறையப் பேரிடம் கேட்டுக் களைத்திருக்க வேண்டும், அதைத் தாண்டிப் போய்விட்டார்.

"ஒன்னே ஒன்னுண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள நீங்க என்னைய ஒரு வாட்டி முழுசாக் கேக்கணும். மேல இருந்து. முழுப்பேரு போடணும்."

"இப்ப போன்ல கேட்டுக்கிட்டுத்தான தம்பி இருக்கேன்?"

"போன்ல லோன் வேணுமானு கேக்கிற பொண்ணு குரலுந்தான் கேக்குது. அதுவும் இதுவும் ஒன்னா?"

இல்லை என்றேன். செய்கிறேன் என்றும் சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் பயம் பிடித்தது. ரேடியோ பழுது பார்ப்பவன் என்று பலகை மாட்டியிருக்கிறேன், சொந்த ரேடியோவில் ஒரு மனிதனின் பெயர் பாதிதான் கேட்கிறது.

முதல் குறை என்னிடமே இருந்தது. ஒரே வாக்கிடோக்கியை வைத்துக்கொண்டு, பேசும்போது கேட்காமலும் கேட்கும்போது பேசாமலும் இருந்தேன். நான் பேசியது மேலே போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. வேறொருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நானும் பொத்தானை அழுத்திவிடுவேன். பிறகு குழுவில் யாராவது ஆங்கிலத்தில் நாசூக்காகத் திட்டுவார்கள். இந்த வேலையில் செய்மதியிலிருந்து திரும்பி வரும் நம் குரலை நாமே கேட்டுக்கொண்டு பேச வேண்டும். அதற்காகக் கடையில் கிடந்த இன்னொரு வாக்கிடோக்கியைச் சரிசெய்து, ஒன்று பேசுவதற்கு, ஒன்று கேட்பதற்கு என்று பிரித்தேன்.

பிரித்தும் என்ன? நான் பொத்தானை அழுத்தியதும் கேட்கிற ரேடியோ செவிடாகிப் போனது. காரணம் எனக்குத் தெரியும். மேலே அனுப்பும் அலைவரிசையை மூன்றால் பெருக்கினால் கீழே வரும் அலைவரிசைக்கு அருகில் போய் நிற்கும். மலிவான ரேடியோக்கள் பேசும்போது அந்த மூன்று மடங்கும் கொஞ்சம் சேர்ந்தே கசியும். பல நூறு மைல் தள்ளி இருந்து முனகுகிற செய்மதியை, கையெட்டும் தூரத்தில் இருக்கிற என் ரேடியோ கத்தியே அமுக்கிவிடும்.

கம்பியைச் சுருட்டிப் பழைய தைல டப்பா ஒன்றுக்குள் வைத்துப் பற்றவைத்து ஒரு வடிகட்டி செய்தேன். வேண்டிய அலையை மட்டும் விட்டு, மூன்று மடங்கைத் தடுக்க. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னாங்க அது?"

"வடிகட்டி."

"தேத்தண்ணி வடிக்கவா? வீட்ல இருக்கிறது ஓட்டையாத்தான் கெடக்கு, இன்னொன்னும் செய்யுங்க."

ஆண்டெனாவையும் மாற்றினேன். மூங்கில் தடியில் குத்தியிருந்த அலுமினியக் கம்பிகளில், பேசுகிற கம்பிகளைப் படுக்கையாகவும் கேட்கிற கம்பிகளை நெட்டாகவும் திருப்பினேன். அப்படிக் குறுக்காக வைத்தால் ஒன்றின் சத்தம் மற்றதில் குறைவாக ஏறும். பழைய கணினி வயரின் கழுத்தில் இருக்குமே கறுப்புக் குமிழ், அதை அறுத்தெடுத்து ரேடியோவின் வயரில் மாட்டினேன். ஹெட்போன் போட்டேன். பேசுகிற சக்தியையும் குறைத்தேன், கத்தினால்தான் கேட்கும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு.

அடுத்த தடவை செய்மதி வந்தபோது என் அழைப்புக்குறியைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே என் குரல் மேலே போய்த் திரும்பி என் காதுக்குள் வந்தது. கொஞ்சம் மூக்கடைத்த குரல். என் குரல் இவ்வளவு அவலட்சணமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. இருந்தாலும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, பக்கத்தில் யாரும் இல்லை.

அன்றுதான் இன்னொரு விஷயமும் பழகிக்கொண்டேன். கேட்கிற ரேடியோவைத் திறந்தே வைத்திருந்தால் எந்நேரமும் மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல் இருக்கும். எங்கேயோ ஒருவர் பொத்தானை அழுத்தினால், அவர் வாய் திறப்பதற்கு முன்பே அந்த இரைச்சல் அடங்கிவிடும். அந்த அமைதியை வைத்தே ஆள் வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் செய்மதி கூரைப் பக்கமாகத் தாழ்ந்து, தம்பி வந்தபோது இரைச்சல் அடங்கவில்லை. பழைய கரகரப்பு அப்படியே இருந்தது. தூரத்தில் மிளகாய் அரைக்கும் மில் ஓடுகிற மாதிரி. நான் பேசினாலும் பேசாவிட்டாலும் அது ஓடிக்கொண்டிருந்தது. ஆண்டெனாவைக் கூரைக்கு மேலே நீட்டினால் கூடும், இறக்கினால் குறையும்.

இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் லயம் ஒரு மேட்டில் இருக்கிறது. முன்னால் தெற்கே மலை, வானமே தெரியாது. திறந்திருப்பது வடக்கு மட்டும்தான், அதுவும் லயத்துக் கூரைக்கு மேலே. பின்பக்கம் மழைத்தண்ணீர் ஓடும் ஒரு கானும் அதற்கப்பால் செங்குத்துச் சரிவும். போன வருடம் என் முழங்காலில் கம்பி வைத்தார்கள், கைத்தடி இல்லாமல் நடப்பதில்லை. அந்தச் சரிவில் நான் போய் நின்றால் செய்மதிக்கு முன்னால் நான் கீழே வந்துவிடுவேன். ஆகவே வாசலில் நின்று கூரைக்கு மேலே பார்ப்பது ஒன்றுதான் வழி.

பல்புகள்மேல் சந்தேகப்பட்டேன். மலிவு எல்.ஈ.டி பல்பும் சார்ஜரும் ரேடியோவுக்குப் பரம எதிரி. எல்லாம் ஹட்டனில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் வாங்கியவை. பையில் போட்டுக்கொண்டு போய் மேசையில் கொட்டினேன்.

"நானா, உங்க பல்பு எல்லாம் கத்துது."

அவர் ஒன்றை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். "எனக்கு ஒன்னும் கேக்கல்லயே. சரி, மாத்தித் தாறேன். ஆனா பல்பு வெளிச்சத்துக்கு வாங்குற சாமான். காதுல வெச்சுப் பாக்குற ஆள இன்னைக்குத்தான் கண்டேன்."

மாற்றியும் கரகரப்பு போகவில்லை. பிறகொரு மாலை தோட்டம் முழுக்கக் கரண்ட் போனது. லயத்தில் ஒரு பல்பு எரியவில்லை, ஒரு டிவி ஓடவில்லை. கைத்தடியை ஊன்றி விரைந்து போய் ரேடியோவைத் திறந்தேன். மில் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நானாவின் பல்புகளுக்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

நொண்டி நொண்டிப் பெரட்டுக் களத்துக்கும் போய்ப் பார்த்தேன். காலையில் தொழிலாளர்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் திடல் அது. அங்கே கரகரப்பு இல்லவே இல்லை. ஆனால் சுற்றிலும் மலையும் சவுக்கு மரமும். செய்மதி எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டது. ஒன்று மட்டும் உறுதியானது, கோளாறு என் ரேடியோவில் இல்லை, லயத்தில் இருக்கிறது.

இதற்கு நடுவில் நான் ஒரு மடத்தனம் செய்தேன். மழை நாட்களில் அந்தக் கரகரப்பு இருக்காது. அதைக் கவனித்திருந்தேன். கவனித்து, மழை காற்றைக் கழுவிவிடுகிறது, அதனால் அலை சுத்தமாக வருகிறது என்று ஒரு சித்தாந்தம் கண்டுபிடித்து, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆகவே மழைக்காகக் காத்திருந்தேன். மாசியில் எங்கே மழை? வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. விடியலில் பனி விழுந்து கொழுந்து கருகியது. மனைவிக்கும் அரைப்பேரு, எனக்கும் அரைப்பேரு.

தம்பிக்கு அழைத்து இந்தச் சித்தாந்தத்தைச் சொன்னேன். அவர் பேச்சு இதற்குள் காற்றும் குரலும் பாதிப் பாதியாக ஆகியிருந்தது.

"மழைக்கு நிக்குதுன்னா காத்து இல்லண்ணே. பக்கத்துல டவர் இருக்கா?"

"எதிர் மலையில இருக்கு."

"துருப்பிடிச்ச தகரம் ஏதும் இருக்கா?"

"தம்பி, இது லயம். துருப்பிடிக்காத தகரம் இருக்கானு கேளுங்க."

அவர் சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. இருமி முடிந்ததும் சொன்னார். இரண்டு துருத் தகரங்கள் லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால், டவரிலிருந்து வருகிற பலமான அலைகள் அந்த இடத்தில் கலந்து வேறு அலையாகக் கிளம்பும். தகரமே ஒரு கெட்டுப்போன ரேடியோ மாதிரி கத்தும். நனைந்தால் வாய் மூடும். டிப்போவின் கூரையில் அவருக்கும் இதே தொல்லை வந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. தலைக்கு மேலே இருப்பதை விட்டுவிட்டு ஆகாயத்தைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்கே ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு கூரை விளிம்பு ஓரமாக நடந்தேன். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் வந்ததும் மில் உச்சத்தில் ஓடியது. விளக்குமாற்றின் கட்டையால் தகரத்தை ஒரு தட்டு தட்டினேன். கரகரப்பு நின்றது. இன்னொரு தட்டு. மறுபடி வந்தது. அகப்பட்டுவிட்டது என்று ஆசையாக நாலைந்து தட்டுத் தட்டினேன்.

பக்கத்து வீட்டுக்காரி வெளியே வந்தாள். கணவன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, அவளும் கொழுந்து எடுப்பவள்.

"என்னாண்ணே, ஒழுகுறது பத்தாதுனு ஓட்டையும் போடுறீங்களா?"

எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், ஒரே கூரை. தகரங்கள் சந்திக்கிற அந்த இடத்தில்தான் ஒழுகும், ஒழுகுவது அவள் அடுப்படியில். என் தகரம் அவளுடையதற்கு மேலே ஏறி நிற்பதால்தான் தண்ணீர் அவள் பக்கம் பாய்கிறது என்பது அவள் கட்சி. அவள் தகரம்தான் ஆணி கழன்று தூக்கி நிற்கிறது என்பது என் கட்சி. இத்தனை வருடத்தில் யாரும் ஏணி வைத்து ஏறிப் பார்க்கவில்லை. பார்த்தால் சண்டை தீர்ந்துவிடுமே என்ற பயமோ என்னவோ. அவள் என் மனைவியோடு பேசுவாள், என்னோடு பேசுவது சண்டைக்கு மட்டும்தான்.

நானும் சும்மா இருக்கவில்லை. அவள் தகரத்தால் என் ரேடியோ கெடுகிறது என்றேன். தகரம் என்ன ரேடியோ கேட்கிறதா என்று அவள் கேட்டாள். வாய் நீண்டுகொண்டே போயிற்று. மனைவி வந்து என்னை உள்ளே இழுத்துப்போனாள்.

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா? தகரம் அவகிட்ட இருக்கு, காரியம் ஒங்களுக்கு ஆகணும்."

நாள் நெருங்கிவிட்டது. மறுநாள் மாலை வருகிற செய்மதிதான் கடைசி. அதற்கடுத்த நாள் தம்பியைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகிறார்கள். எனக்கு ஏணி ஏறக் கால் இல்லை. தோட்டத்து ஆசாரியைக் கூப்பிட்டால் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது.

மனைவி மறுநாள் காலையில் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். வேலை விட்டு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரி எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா சொன்னாங்க. அவருக்குக் குரலையே எடுக்கப் போறாங்களாம்ல."

"ஆமா."

"தகரத்துல தண்ணி ஊத்துனா ஒங்க ரேடியோ சத்தம் நிக்குமா?"

"நிக்கும்னுதான் நெனக்கிறேன்."

"ஊத்துற தண்ணி எங்க போகும்னு தெரியுமா?"

தெரியும் என்று தலையாட்டினேன். அவள் அடுப்படிக்குத்தான் போகும்.

"ஊத்துறேன். ஆனா மேல இருக்கிறது ஒங்க தகரம்னு ஒத்துக்கணும்."

அந்த நேரத்தில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தம்பியின் குரல் ஒரு பக்கம், வருடக்கணக்காகப் பிடித்த பிடிவாதம் ஒரு பக்கம். கடைசியில், "ஏறிப் பாத்துட்டுச் சொல்லு தங்கச்சி. எது மேல இருந்தாலும் ஒத்துக்கிறேன்" என்றேன். தங்கச்சி என்று அவளை நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவளும் கவனித்திருப்பாள்.

ஏணியைச் சாய்த்தார்கள். அவள் தன் அடுப்படியில் பாத்திரங்களைப் பரப்பிவிட்டு, செம்போடு மேலே ஏறினாள். மனைவி கீழே நின்று வாளியைத் தூக்கிக் கொடுத்தாள். நான் வாசலில் ஒரு காலில் பாரம் போட்டு, ஆண்டெனாவைக் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றேன். மில் ஓடிக்கொண்டிருந்தது.

மேலேயிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணே! மேல இருக்கிறது ஒங்களுதும் இல்ல, எங்களுதும் இல்ல. நடுவுல யாரோ தார் பீப்பாய வெட்டித் தட்டிச் சொருகி வச்சிருக்காங்க. நாம பொறக்கிறதுக்கு முந்தியே வச்சிருப்பாங்க போல."

நானும் சிரித்திருப்பேன். ஆனால் செய்மதி எழும்பும் நேரமாகிவிட்டது. "ஊத்து, ஊத்து" என்று கத்தினேன். அவள் செம்பு செம்பாக வீசினாள். தண்ணீர் தகரத்தில் ஓடி அந்தப் பொருத்துக்குள் இறங்கியது. கரகரப்பு ஒரு தடவை விக்கி, இன்னொரு தடவை விக்கி, நின்றது. வெறும் மழை இரைச்சல் மட்டும் காதில் இருந்தது. அவள் அடுப்படியில் பாத்திரங்களில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

என் அழைப்புக்குறியைச் சொன்னேன். என் மூக்கடைத்த குரல் திரும்பி வந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் ஒரே கூச்சலாக இருக்கும். அன்று யாரும் இல்லை. தம்பி குழுவில் சொல்லியிருக்க வேண்டும். இந்தியாவிலிருந்த அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு எங்களுக்காக வழியை விட்டுக்கொடுத்திருந்தார்கள்.

இரைச்சல் அடங்கியது. பிறகு அவர் வந்தார். கரகரத்த, காற்று கலந்த குரல். ஒவ்வொரு எழுத்தாக, அவசரமே இல்லாமல், முதல் எழுத்து, இரண்டாவது, எண், மீதி எழுத்துகள். கடைசி எழுத்துவரை கேட்டேன். அதை அப்படியே திருப்பிச் சொன்னேன். சொல்லும்போது என் குரலும் அவர் குரல் மாதிரியே ஆகிவிட்டது.

"முழுப்பேரு போட்டுக்கங்கண்ணே," என்றார்.

"போட்டாச்சு தம்பி. முழுப்பேரு."

இன்னும் ஏதோ சொன்னார். அதற்குள் செய்மதி மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. நான் ஆண்டெனாவை இறக்காமல் அப்படியே நின்றேன். கண்ணைத் துடைக்கக் கை இல்லை, ஒரு கையில் ஆண்டெனா, ஒரு கையில் ரேடியோ. மனைவி வாளியை வைத்துவிட்டு வந்து ஒன்றை வாங்கிக்கொண்டாள். அன்று அவள் பேரு கெடச்சுச்சா என்று கேட்கவில்லை.

தங்கச்சியின் அடுப்படியை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து துடைத்தோம். ஒரு வாரம் கழித்து, புதுத் தகரம் கேட்டு அவளும் நானுமாகத் தோட்டத்து ஆபீசுக்குப் போனோம். பார்க்கலாம் என்றார்கள். இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மழை வந்தால் ஒழுகும், வெயில் அடித்தால் கத்தும். ஏணியும் சுவரோரம் அப்படியே சாய்ந்து நிற்கிறது.

தம்பிக்கு ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. கொஞ்ச நாளைக்குச் செய்தி எதுவும் இல்லை. பிறகு ஒரு நாள் குறுஞ்செய்தி வந்தது: இன்னைக்கு மேல வர்றேன், வாசல்ல நில்லுங்க.

எப்படி வருவார் என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் நின்றேன். காய்ந்த மாலை அது. பக்கத்து வீட்டுத் தங்கச்சி நான் சொல்லாமலே செம்போடு ஏணியில் ஏறித் தண்ணீர் ஊற்றத் தொடங்கிவிட்டாள். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். ரேடியோவின் மழை இரைச்சல் வாசல் முழுக்கக் கேட்டது.

செய்மதி கூரைக்கு மேலே வந்ததும் கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம். கைபேசியை மைக்கில் வைத்து மோர்ஸ் தந்திக்குறி அனுப்புகிறார். எழுத்து எழுத்தாக, அவருடைய அழைப்புக்குறி, பிறகு என்னுடையது. முழுதாக வந்தது. திருப்பிச் சொல்லி, "முழுப்பேரு, தம்பி" என்றேன்.

இரைச்சல் மறுபடி அடங்கியது. கீச்சுச் சத்தம் இல்லை. ஒன்றுமே இல்லை. அங்கே அவர் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி இருந்தார். வாசல் அவ்வளவு அமைதியாகிவிட்டது. செய்மதி இறங்குகிற வரைக்கும் அவர் விரலை எடுக்கவில்லை, நானும் ஆண்டெனாவை அசைக்கவில்லை.

தங்கச்சி ஏணியில் செம்பைப் பிடித்தபடி பயந்துபோய்க் குனிந்து பார்த்தாள்.

"என்னாண்ணே, சத்தத்தையே காணோம்? தண்ணி கூடிப்போச்சா?"

"இல்ல தங்கச்சி," என்றேன். "தம்பி பேசுறாரு."